ரெக்கார்டு குணசீலனின் மனோதர்மம்

ஜூன் 9, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. கிடைத்தது என்று எழுதுவதுகூடத் தவறு. அவர்கள் கெஞ்சினார்கள், நான் மனமிரங்கினேன்.

மடிப்பாக்கத்தில் நீலச்சிறகு என்று ஒரு மையம், ஆட்டிசம் உள்ளவர்களுக்கானது. சுவர், கேட், தண்ணீர் டிரம், வாட்ச்மேன் சட்டை எல்லாமே நீலம். இயக்குநர் சாருலதா மேடம் மட்டும் மஞ்சள் காட்டன் புடவையில் இருந்தார். கிடார் அட்வான்ஸ்டு பேட்ச்சுக்கு வாத்தியார் வேண்டுமாம். கார்டு, ஸ்கேல் எல்லாம் கரைத்துக் குடித்த மாணவர்கள். அவர்களுக்கு அடுத்த கட்டமாக மனோதர்மம் சொல்லித்தர வேண்டும். அதாவது எழுதி வைக்காமல், பாடம் பண்ணாமல், அந்த நிமிஷத்தில் தோன்றுவதை வாசிப்பது.

"உங்களுக்கு அது நல்லா வரும்ல சார்?"

"அதுதான் மேடம் என் மூச்சே" என்றேன்.

நான் மெல்லிசைக் குழுக்களில் முப்பது வருஷம் வாசித்தவன். எந்த சினிமாப் பாட்டானாலும் அதில் வரும் கிடார் பிட்டை ஒரு இழை பிசகாமல் அப்படியே மேடையில் இறக்குவேன். "ரெக்கார்டுல கேக்கற மாதிரியே இருக்குய்யா" என்பார்கள். ரெக்கார்டு குணசீலன் என்றால் கல்யாண மண்டபங்களில் தெரியாத ஆள் கிடையாது. இப்போது எல்லாக் குழுவும் பென் டிரைவில் டிராக் போட்டுப் பாடுகிறது. டிராக்கிலேயே கிடாரும் வந்துவிடுகிறது. நான் பக்கத்தில் நின்று வாசிப்பதுபோல் பாவனை செய்ய வேண்டும். கொடுக்கிற சம்பளமும் பாவனைதான்.

வீட்டில் என் மனைவி கோமளா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"தோணினத வாசிக்கக் கத்துக் குடுக்கணுமா? நீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். வெகு நேரம் சிரித்தாள். கீரை பாதி தரையில் விழுந்தது.

ஜூன் 12, வியாழன்

முதல் வகுப்பு. பேட்ச் என்றதும் ஒரு பத்துப் பேராவது இருப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டே பேர்.

எபினேசருக்கு இருபத்து நாலு வயது. பல்லாவரத்திலிருந்து தானே பஸ் ஏறி வருகிறான். சத்தத்தைக் குறைக்கும் பெரிய ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டிருக்கிறான். என் முகத்தைப் பார்க்க மாட்டான், என் விரல்களைத்தான் பார்ப்பான். மதுவந்திக்கு இருபத்தொன்று. வாயால் பேசுவதில்லை. போனில் தட்டுவாள், போன் அதைச் செய்தி வாசிக்கும் அம்மாள் குரலில் படிக்கும். வீணையிலிருந்து எலக்ட்ரிக் கிடாருக்கு வந்தவள். கம்பியை அவள் இழுத்து வளைக்கும்போது உள்ளே ஒரு வீணை இருப்பது தெரிகிறது. இருவரும் என்னைவிடச் சுத்தமாக வாசிக்கிறார்கள். ஏறக்குறைய.

"மனசுல என்ன தோணுதோ அத வாசிங்க" என்று ஆரம்பித்தேன்.

"எந்த ஸ்கேல்ல சார்?" என்றான் எபி.

"எதுல வேணும்னாலும்."

"தப்பு எதுன்னு சொல்லிடுங்க சார். அத மட்டும் விட்டுட்டு வாசிக்கறேன்."

"இதுல தப்பே கிடையாதுப்பா."

அவன் யோசித்தான். கிண்டல் துளிகூட இல்லாமல் கேட்டான்: "அப்ப நீங்க எதுக்கு சார்?"

டீ குடிக்க வெளியே போய்விட்டேன்.

வகுப்புக்கு முன்னால் மேடம் எனக்கு ஒரு விளக்கம் தந்திருந்தார். "இவங்களுக்கு ஒரே விஷயத்தத் திரும்பத் திரும்பச் செய்யறதுதான் சார் பிடிக்கும். மாறுதல்னா கஷ்டம். அத நீங்கதான் உடைக்கணும்." பாவம், எப்பேர்ப்பட்ட சிறை என்று நினைத்துக்கொண்டேன்.

டீக்கடையில் இன்று கண்ணாடி கிளாஸ் இல்லையாம், பேப்பர் கப்பில் தந்தான். நான் அதில் குடிப்பதில்லை. அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

ஃபேன் கிறீச்சிடுவது மதுவந்திக்கு வலிக்கிறதாம். ஃபேன் இல்லாமல் வகுப்பு. பனியன் நனைந்தது.

ஜூன் 19, வியாழன்

வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்து காட்ட வேண்டும் என்று தீர்மானித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, அந்த நேரத்தில் மனதில் ஊறியதை வாசித்தேன். கீழேயிருந்து மேலே ஏறி, உச்சியில் நின்று, சரசரவென்று இறங்கும் அருமையான சோலோ. இருவரும் அசையாமல் கேட்டார்கள். நானே கண் கலங்கிப்போனேன்.

காலையில் கோமளா தோசைக்குப் பதில் உப்புமா வைத்தாள். வியாழன் என்றால் தோசை. எனக்கு ஒன்றும் பிடிவாதம் கிடையாது. ஆனால் வியாழன் என்றால் தோசை. சாப்பிடாமல் கிளம்பினேன்.

ஜூன் 23, திங்கள்

இன்றும் செய்து காட்டினேன். மனதில் ஊறியது. வாசித்து முடித்ததும் மதுவந்தியின் போன் பேசியது:

"போன வாரம் இதே."

"அது என் பாணிம்மா. ஒவ்வொரு கலைஞனுக்கும் ஒரு முத்திரை இருக்கும்."

போன் பேசவில்லை. அது பேசாமல் இருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

மூன்றாவது முறை செய்து காட்டினேன். பாதியில் எபியும் சேர்ந்துகொண்டான். என் சோலோவுக்கு மேலே இன்னொரு குரல் போல, ஜோடியாக, கூடவே ஏறி கூடவே இறங்கினான். இறங்கும் இடத்தில் என் மோதிர விரல் லேசாக வழுக்கும். அவனும் அங்கே வழுக்கிக் காட்டினான்.

"அந்த இடத்துல எப்பவும் வழுக்கும்ல சார்" என்றான், உதவி செய்கிற பாவனையில்.

வீட்டுக்கு வந்து யூடியூபில், தோன்றியதை வாசிப்பது எப்படி என்று சில வீடியோக்கள் பார்த்தேன். பொது அறிவுக்காகத்தான். கோமளாவின் போனையும் வாங்கிப் பார்க்க வேண்டியிருந்தது, என்னுடையதில் டேட்டா தீர்ந்துவிட்டது.

ஜூலை 3, வியாழன்

மேடம் என்னை அறைக்கு அழைத்தார். மேஜையில் ஒரு நீல அழைப்பிதழின் மாதிரிப் படி இருந்தது.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை ஆண்டு விழா. மேகத்துயில் மெத்தைகள் நிறுவனத்தின் அதிபர் குமரகுருபரன்தான் தலைமை. அட்வான்ஸ்டு பேட்ச் நடப்பதே அவர் தரும் நன்கொடையில். அடுத்த வருஷமும் தரலாமா என்று விழாவைப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம். தராவிட்டால் பேட்ச் மூடப்படும். பேட்ச் மூடினால் நான் மறுபடி பென் டிரைவுக்குப் பக்கத்தில்.

"நிகழ்ச்சி இதுதான் சார். அவர் மேடையில ரெண்டு வரி பாடுவார். நம்ம பிள்ளைங்க அத வெச்சு அந்த நிமிஷமே மனோதர்மமா வாசிப்பாங்க. ஹால்ல ஒரு கண்ணுகூட காயக்கூடாது."

"என்ன பாடுவார்னு தெரியாம எப்படி மேடம்?"

"தெரியாம எப்படி விடுவேன்? அவங்க அம்மா பாடின தாலாட்டு, வாட்ஸ்அப்புல பாடி அனுப்பிச்சிருக்கார். நீங்க முன்னாடியே தயார் பண்ணிடுங்க. ஆனா தயார் பண்ண மாதிரி இருக்கக் கூடாது."

மேடத்தின் மேதைமையை நான் இதுவரை குறைத்து மதிப்பிட்டிருந்தேன். முன்னேற்பாட்டுடன் கூடிய மனோதர்மம்! இந்தத் துறையில் தமிழ்நாட்டில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. டீக்கடையில் கண்ணாடி கிளாஸும் வந்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

தாலாட்டுக்கு முழு ஏற்பாடு எழுதி முடித்தேன். யார் எங்கே தயங்க வேண்டும், யார் எங்கே திடீரென்று தோன்றியதுபோல் நிமிர வேண்டும் என்பதுவரை குறித்திருக்கிறேன். இருவரும் ஒரே வகுப்பில் பாடம் பண்ணிவிட்டார்கள்.

எபி மட்டும் கடைசியில் சொன்னான்: "இதுலயும் நடுவுல உங்க சோலோ இருக்கு சார்."

ஜூலை 14, திங்கள்

மதுவந்தியின் அம்மா பிடித்துக்கொண்டார். நான் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தேன்.

"பேட்ச் மூடிடுவாங்கன்னு பேசிக்கறாங்களே, நிஜமா சார்?"

"இன்னும் முடிவாகலம்மா."

"மத்த நாள்ல அவள ரூம விட்டு வெளிய கொண்டு வர்றதே பெரும்பாடு சார். திங்களும் வியாழனும் மட்டும் காலைலயே தானா செருப்பப் போட்டுக்கிட்டு, கிடார் பையோட கதவுகிட்ட நின்னுடுவா. மூடிட்டாங்கன்னா அந்தக் கதவுகிட்ட நிக்கறவளுக்கு நான் என்னன்னு சார் சொல்றது?"

கவலைப்பட வேண்டாம், குணசீலன் இருக்கிறான் என்றேன். வழியெல்லாம் அந்தக் கதவுதான் கண்ணில் நின்றது. கோயில் பக்கத்தில் திரும்ப மறந்து மேடவாக்கம்வரை போய்விட்டேன்.

ஜூலை 17, வியாழன்

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. வினை அதன் கூடவே வந்தது.

எபி அதை முழுதும் படித்தான். அச்சகத்தின் பெயரைக்கூட விடவில்லை. "சார், 'அந்தக் கணத்தில் பிறக்கும் இசை'ன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"இது அந்தக் கணத்துல பிறக்கல. போன வாரம் பிறந்துச்சு. உங்க வீட்டுல."

மேடத்திடம் கூட்டிப்போனேன். "எபி கண்ணா, அது ஒரு உணர்வுடா" என்றார் மேடம்.

"உணர்வு எப்ப வந்துச்சுன்னு தேதி போட்டுடலாம் மேடம்."

அச்சடித்தது அச்சடித்ததுதான் என்றார் மேடம். பொய்யென்றால் தன்னால் வாசிக்க முடியாது, கை வராது என்றான் எபி. அடம் இல்லை, மிரட்டலும் இல்லை. எனக்கு ஆட்டுக்கறி ஒத்துக்காது என்று சொல்வதுபோல் சொன்னான். நான்தான் புகுந்து சமாளித்தேன்: "இது ஒத்திகை பாத்ததுதான்னு மேடையில நானே அறிவிச்சுடறேன் எபி." அவன் சரி என்றான். மேடம் என்னைப் பார்த்தார். நான் கண்ணடித்தேன். எபிக்குக் கண்ணடிப்பதெல்லாம் தெரியாது. அவன் என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 24, வியாழன்

ஸ்கூட்டர் பஞ்சர். வகுப்புக்குத் தாமதம். கையில் டீயோடு மாடிப்படி ஏறும்போது மேலே கிடார் சத்தம்.

மதுவந்தி ஏதோ வாசித்தாள், சின்னதாக. பிறகு ஒன்றுமே இல்லை. முடிந்துவிட்டது என்று அடுத்த படியில் கால் வைத்தபோது எபி பதில் சொன்னான். அவள் சொன்னதில் ஒன்றை எடுத்து, ஒன்றை மாற்றி. மறுபடி மௌனம். மறுபடி அவள். இப்படி ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை, எந்த ரெக்கார்டிலும் இல்லை. அவர்கள் எங்கே போகிறார்கள் என்று தெரியவில்லை. ஆனால் போய்க்கொண்டே இருந்தார்கள்.

டீ ஆறிவிட்டது. டீ இன்று சரியில்லை, அதனால்தான் குடிக்கவில்லை.

உள்ளே போனதும் எபி விளக்கினான்: "நீங்க விதி எதுவும் சொல்லல சார். அதனால நாங்களே போட்டுக்கிட்டோம். ஒருத்தர் முடிச்சதும் இடைவெளி விடணும். அவர் வாசிச்சதுல ஒண்ண எடுத்துக்கணும். ஒண்ண மாத்தணும்."

"இடைவெளி எவ்ளோ நேரம்?"

"அதுக்கு அளவு இல்ல சார். வர்ற வரைக்கும்."

மதுவந்தியின் போன் பேசியது: "நீங்களும் வரலாம்."

வருகைப் பதிவேடு எழுத வேண்டியிருக்கிறது என்றேன். இரண்டு பேர் வருகையை எழுத வகுப்பு முழுக்க ஆயிற்று.

மேடத்துக்கு அறிக்கை அனுப்பினேன்: என் பயிற்சி முறை பலன் தரத் தொடங்கியுள்ளது.

ஜூலை 31, வியாழன்

கடைசி ஒத்திகை. தாலாட்டு பிரமாதம். மேடம் பார்த்து அழுதார். ஒத்திகையிலேயே அழுதுவிட்டால் விழாவில் என்ன செய்வார் என்று கவலையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

ஹால் நிரம்பியிருந்தது. மேடையில் நீலத் துணி, நீல பலூன். வரவேற்பில் இருந்த பெண்கள் டிஷ்யூ பேப்பரை முன்கூட்டியே வினியோகித்தார்கள். நடுவில் நான், இருபுறமும் எபியும் மதுவந்தியும். மேடம் மைக்கில் 'தெய்வக் குழந்தைகள்' என்றார். எபி தன் வயதைச் சொல்ல வாயெடுத்தான், அதற்குள் கைதட்டல்.

மெத்தை அதிபர் குமரகுருபரன் எழுந்தார். சபாரி சூட், நல்ல கட்டைக் குரல். "இப்ப என் மனசுல என்ன வருதோ அத நான் பாடுவேன், அவங்க மனசுல என்ன வருதோ அத அவங்க வாசிப்பாங்க" என்றார். இந்த இடத்தில் நான் அறிவிப்பு செய்திருக்க வேண்டும். மைக் சற்றுத் தள்ளி இருந்தது. எட்டவில்லை.

எபி எனக்காகக் காத்திருந்தான். பிறகு தானே எழுந்து போய் மைக்கைப் பிடித்தான்.

"குணசீலன் சார் சொல்றேன்னு சொன்னார், மறந்துட்டார். அதனால நான் சொல்றேன். ஐயா இப்ப தாலாட்டு பாடுவார். அத நாங்க மூணு வாரமா பயிற்சி பண்ணியிருக்கோம். நல்லா பண்ணியிருக்கோம். ஆனா அந்தக் கணத்துல பிறக்கல. நன்றி."

வந்து உட்கார்ந்தான். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, அது ஹால் முழுக்கப் பரவியது. மேடம் முகம் சுவரின் நீலத்துக்குப் போய்விட்டது. என் கண் முன்னால் பென் டிரைவ் தெரிந்தது. அப்புறம் அந்தக் கதவு தெரிந்தது, கிடார் பையோடு நிற்கும் பெண்ணும். இதை இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை: நான் பயந்துபோனேன்.

குமரகுருபரன் முதலில் சிவந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அவரும் சிரித்துவிட்டார். "தம்பி பொட்டுனு போட்டு உடைச்சுட்டாரு! சரி, தாலாட்டு வேணாம். நிஜமாவே இப்ப வர்றதப் பாடறேன்." தொண்டையைச் செருமினார். மெத்தை வியாபாரியின் மனதில் என்ன வரும்? அவருடைய ரேடியோ விளம்பரப் பாட்டு வந்தது.

"முதுகே முதுகே கவலை எதற்கு, மேகத்துயிலில் சாய்ந்துவிடு!"

மூன்று வாரத் தாலாட்டு காற்றில் போயிற்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கை தானாகக் கிளம்பியது. கீழேயிருந்து மேலே ஏறி...

"சார், அது பழசு" என்றான் எபி. மைக் திறந்திருந்தது.

நிறுத்தினேன். மௌனம். மதுவந்தி கண்ணை மூடியிருந்தாள், விரல் கம்பியில் இருந்தது, வாசிக்கவில்லை. மேடம் பதறி ஓடிவந்து, "இந்தப் பிள்ளைகள் நமக்குக் கற்றுத்தருவது என்னவென்றால்" என்று ஆரம்பித்தார்.

"மேடம், இது இடைவெளி. இதுவும் வாசிப்புதான்" என்றான் எபி. மேடம் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார்.

பிறகு மதுவந்தி வாசித்தாள். 'முதுகே' என்ற அந்த மூன்று சுரத்தை மட்டும் எடுத்தாள். கடைசியதை வளைத்தாள். விளம்பரப் பாட்டு திடீரென்று எங்கேயோ யாரோ யாரையோ கூப்பிடுவது மாதிரி ஆகிவிட்டது. இடைவெளி. எபி அந்த வளைவை எடுத்து, கூப்பிட்டதைக் குறும்பாக மாற்றினான். ஹாலில் ஒரு சிரிப்பு. இடைவெளி. அவள், அவன், மறுபடி அவள். முன்வரிசைக்குத் திரும்பியிருந்த குமரகுருபரன் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

அப்புறம் இருவரும் நிறுத்தினார்கள். என் முறை.

எனக்குள்ளே ஒன்றும் இல்லை. ஊறவில்லை, தோன்றவில்லை. மேடை அனுபவத்தில் எத்தனையோ பேர் என்னை அவசரப்படுத்தியிருக்கிறார்கள், எடு எடு என்று. இவர்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எபி என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான், எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை என்பதுபோல. என்னை யாரும் அப்படிக் காத்திருந்து கேட்டதில்லை.

மதுவந்தியின் கடைசி இரண்டு சுரங்களை எடுத்தேன். ஒன்றை மாற்றலாம் என்று மேலே போனேன். வியர்வையில் மோதிர விரல் வழுக்கி, நான் நினைக்காத ஒரு இடத்தில் போய் விழுந்தது. அசிங்கமான சுரம். மெல்லிசைக் குழுவாக இருந்தால் டிரம்ஸ்காரன் திரும்பி முறைப்பான்.

இடைவெளி. எபி அந்த அசிங்கத்தையே எடுத்துக்கொண்டான். அதையே இரண்டு முறை, நிதானமாக, இதற்காகத்தான் இவ்வளவு நேரமும் என்பதுபோல் வாசித்தான். மதுவந்தி அதன் மேல் ஏறினாள். தப்பே கிடையாது என்று முதல் நாள் நான் சொன்னதை, அந்தக் கட்டடத்திலேயே அவர்கள் இருவர் மட்டும் நம்பியிருந்தார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மேடத்துக்கு இன்னும் ஆறவில்லை. "ஒருத்தர்கூட அழலியே சார். எல்லாரும் சிரிச்சுக்கிட்டு, தாளம் போட்டுக்கிட்டு... டிஷ்யூ அத்தனையும் வேஸ்ட்."

மெத்தைக்காரரிடமிருந்து தகவல் வந்திருக்கிறது. பேட்ச் தொடரும். தன் விளம்பரப் பாட்டை இவ்வளவு நேரம் இத்தனை பேர் எழுந்து போகாமல் கேட்டது இதுவே முதல் தடவையாம். ரொம்ப நெகிழ்ந்துவிட்டாராம். அழுதது அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

மதுவந்தியின் அம்மாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் போனைக் கதவுப் பக்கம் கொண்டுபோனார். செருப்புச் சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

கோமளா உப்புமா வைத்தாள். சாப்பிட்டேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வகுப்பு. ஃபேன் இல்லை. வருகைப் பதிவேட்டை மேஜைக்குள் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்து அவர்களோடு உட்கார்ந்தேன். என் முறை வந்தது. இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. கீழே காய்கறி வண்டிக்காரர் இரண்டு தெரு சுற்றிவிட்டுப் போனார். பிறகு வாசித்தேன்.

மதுவந்தி போனில் தட்டினாள். செய்தி வாசிக்கும் அம்மாள் சொன்னாள்:

"போன வாரம் இது இல்லை."

வழியில் எங்கும் நிற்காமல் வீட்டுக்கு வந்தேன். கோமளாவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு உட்காரவைத்தேன். "ஒண்ணு வாசிச்சேன், கேளு" என்று கிடாரை எடுத்தேன். வரவில்லை. எங்கே ஆரம்பித்தேன் என்பதே நினைவில்லை. திரும்பத் திரும்ப முயன்றேன். எந்தப் பாட்டையும் ஒரு தடவை கேட்டால் விடாத ரெக்கார்டு குணசீலனுக்கு, தான் மத்தியானம் வாசித்தது சாயங்காலம் ஞாபகம் இல்லை.

"மறந்துட்டேன் கோமு" என்றேன்.

அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "அடுப்ப அணைச்சுட்டேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.